கிடப்பில் கிடந்த படகைக் கடலுக்கு எழுப்புதல்

சாத்தான்குளத்திலிருந்து தெற்கே இறங்கினால் செம்மண் தேரியும் பனங்காடும் கடந்து பெரியதாழைக் கரை வந்துவிடும். அங்கிருந்து கரையோரமாக ஒரு பக்கம் மணப்பாடு, குலசேகரன்பட்டினம், மறுபக்கம் உவரி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைகளில் பைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் குறைந்தன. தொழிலுக்குப் போகும் படகுகளுக்குப் பின்னால் பனையோலை மூடி ஒதுங்கிக் கிடக்கும் படகுகளும் ஒன்றிரண்டு இருக்கும். ஒன்று வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவருடையதாக இருக்கும். இன்னொன்று அப்பா இறந்தபின் மகன் தொடாமல் விட்டதாக இருக்கும்.

அப்படிக் கிடந்த ஒரு படகைத் திரும்பக் கடலில் இறக்க நினைப்பவருக்காக இந்த அத்தியாயம். 24 முதல் 32 அடி வரையுள்ள பைபர் படகு, பின்பலகையில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் (8 முதல் 15 குதிரைத்திறன்) ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். டீசல் இன்ஜினுக்குத் தனிக் குறிப்பு பின்னால் இருக்கிறது.

வேலை முழுவதற்கும் ஒரே விதிதான். எந்தக் குறையும் கரையிலேயே வெளிப்பட வேண்டும். மணலில் நிற்கும்போது தெரிந்த ஓட்டை அரை நாள் வேலை. அதே ஓட்டை கரையிலிருந்து மூன்று கடல்மைல் தள்ளித் தெரியவந்தால் உயிர்ப்பிரச்சினை.

எப்போது தொடங்குவது?

மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. வெயில் காயும், மழை இருக்காது. ஆனியும் ஆடியும் வேண்டாம். அப்போது அடிக்கும் கச்சான் காற்றில் தேரி மணல் பறந்து ஈர ரெசினில் ஒட்டும், திறந்து வைத்த கார்புரேட்டருக்குள் போகும். கடலும் முதல் ஓட்டத்துக்கு ஏற்றதாக இருக்காது. இன்னொரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுகளின் பழுதுவேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். பைபர் வேலை செய்பவரும் மெக்கானிக்கும் கிடைப்பது கஷ்டம். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அவசரமில்லாமல் செய்தால் இரண்டு ஆட்களுக்குப் பத்து முதல் பதினைந்து நாள் பிடிக்கும். அதில் பாதி நாள் உலர்வதற்கு.

கையில் இருக்க வேண்டியவை

- ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளையர், நல்ல முனையுள்ள திருப்புளி
- துருவிளக்கும் எண்ணெய், கடல்நீர் தாங்கும் கிரீஸ்
- புதிய பிளக், இம்பெல்லர், எரிபொருள் ஹோஸ், பில்டர், கியர் ஆயில், அதன் திருகுகளுக்கான வாஷர்கள்
- டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட அவுட்போர்டு ஆயில்
- ரெசின், ஹார்டனர், 450 கிராம் பைபர் மேட், சாண்ட் பேப்பர்
- கண்ணாடி, கையுறை, முகமூடி
- மேல்மூடி வெட்டிய 200 லிட்டர் டிரம்

சாமான் வாங்கப் புறப்படும் முன் இன்ஜினில் ஒட்டியிருக்கும் தகட்டிலுள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கையோடு கொண்டுபோங்கள். அவுட்போர்டு சாமானுக்குத் தூத்துக்குடி வரை போகவேண்டி வரலாம். ஒரு வாஷருக்காக இரண்டு தடவை பஸ் ஏற வேண்டாம்.

முதல் கட்டம்: ஓலையை எடுக்கும் முன்

1. நீண்ட கம்பால் படகின் நாலு பக்கமும் தட்டுங்கள். தேரி மணலில் சுருட்டை விரியன் உண்டு; படகின் நிழல் அதற்குப் பிடித்த இடம். தட்டிவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள்.
2. ஓலையை எதிர்ப்பக்கமாக இழுத்து எடுங்கள். கையை உள்ளே விட்டு அள்ளாதீர்கள். பலகைக்கடியில் தேளும் குளவிக்கூடும் இருக்கும்.
3. உள்ளே கிடக்கும் வலை, கயிறு, மணல், எலிக்கூடு எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.
4. கிணற்றுத் தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். உப்பு ஒட்டியிருக்கும்வரை அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். படகு உலரவே உலராது.
5. தண்ணீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றி, முன்பக்கமான அணியத்தைச் சற்றுத் தூக்கி வைத்து, நாலைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள்.

பாதுகாப்பு: படகைப் புரட்டிப் போடப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, மற்றவர்கள் அதற்குத் தூக்க வேண்டும். கீழே டயர் போட்ட பிறகே தூக்குங்கள். தூக்கிப் பிடித்தபடி டயரைத் தேடினால் ஒருவர் கால் விரல் போகும்.

இரண்டாம் கட்டம்: உடம்பைப் பார்ப்பது

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, படகின் அடிப்பாகம் முழுவதும் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பைபர் 'டக் டக்' என்று கணீர்க் குரல் கொடுக்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் 'பொத் பொத்' என்று மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அடியின் நடுவே நீளும் ஏராவின் இரண்டு பக்கமும், பலகை உட்காரும் இடமும், மணலில் இழுபட்ட பின்பகுதியும் இருமடங்கு கவனத்துக்குரியவை.

மேல்பூச்சில் முடிபோன்ற கீறல் மட்டும் இருந்தால் பெரிய பயமில்லை. அந்தக் கீறலை நகத்தால் வருடும்போது ஓரம் தட்டுப்பட்டாலோ, அழுத்தினால் அமுங்கினாலோ, உள்பக்கமும் அதே இடத்தில் கோடு இருந்தாலோ அது வெடிப்பு. ஒட்டியே ஆக வேண்டும்.

கசிவுச் சோதனை: படகை டயர்மேல் நேராக வைத்து உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அரைமணி நேரம் கழித்துக் குனிந்து அடியைப் பாருங்கள். வெளியே ஈரம் பூக்கும் இடம்தான் ஓட்டை. நாலு விரலுக்குமேல் விடாதீர்கள். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அடியில் முழுத் தாங்கல் இல்லாத படகு அந்தப் பாரத்திலேயே வெடித்துவிடும்.

வெடிப்பை ஒட்டும் முறை

1. வெடிப்பைச் சுற்றி சாய்வாகத் தேயுங்கள். தடிப்பைப்போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. 6 மில்லிமீட்டர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டர். செங்குத்தாக வெட்டி ஒட்டிய ஒட்டு, அலையின் அடியில் தகடாகக் கழன்று வரும்.
2. துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள்.
3. மேட்டைச் சிறிதிலிருந்து பெரிதாக மூன்று நான்கு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.
4. ஒரு தடவைக்கு 200 முதல் 300 கிராம் ரெசின் மட்டும் எடுங்கள். ஹார்டனர் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். நம்மூர் வெயிலில் 1 கிராமே போதும்.
5. மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் செலவாகும். பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் குடிக்காத இடம்.
6. காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். உச்சிவெயிலில் கலந்தால் டப்பாவிலேயே கட்டியாகிப் புகையும்.

பாதுகாப்பு: ரெசினோடு சில கடைகளில் ஆக்சிலரேட்டர், ஹார்டனர் என்று இரண்டு சிறு பாட்டில்கள் தருவார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்து, அதன்பிறகே ஹார்டனர் சேர்க்க வேண்டும். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. உடனே பதினைந்து நிமிஷம் விடாமல் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பைபர் தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அவசியம். பக்கத்தில் பீடி கூடாது.

பின்பலகை

இன்ஜின் தொங்கும் பலகை பைபருக்குள் மரம் வைத்துச் செய்தது. போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் மட்கியிருக்கும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும். போல்ட்டைக் கழற்றித் துளைக்குள் மெல்லிய திருப்புளியை விடுங்கள். கறுத்த ஈரத்தூள் வந்தால் மரம் போய்விட்டது. இன்ஜினை மாட்டிய பின் அதன் கீழ்க்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலகை நெளிந்தால் மேலே ஒரு பூச்சுப் பூசி ஏமாறாதீர்கள். அதைத் திறந்து மரம் மாற்றுவது தேர்ந்த பைபர் ஆளின் வேலை.

பலகைக்கடியில் மிதப்புக்காக அடைத்த தெர்மாகோலையும் பாருங்கள். எலி குடைந்ததும் தண்ணீர் குடித்ததும் மிதக்காது, மாற்றுங்கள். படகு கவிழ்ந்தால் நீங்கள் பிடித்துக்கொண்டு தொங்கப்போவது அந்த மிதப்பைத்தான்.

மூன்றாம் கட்டம்: எரிபொருள்

பழைய பெட்ரோலைப் புதியதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்ற எண்ணமே முதல் பெரிய தவறு. நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022-ல் நாடு முழுவதும் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு, 2025-ல் 20 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் பாதி நிரம்பிக் கிடந்த டேங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கி நிற்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான்.

1. டேங்கைப் படகிலிருந்து இறக்கி, திறந்தவெளியில் வைத்துக் காலி செய்யுங்கள். பழைய எண்ணெயை மணலில் ஊற்றாதீர்கள். தேரி மணல் அதை நேரே கிணற்று நீருக்கு இறக்கிவிடும். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.
2. கொஞ்சம் புது பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். துருத்தூள் வருவது நிற்கும்வரை செய்யுங்கள்.
3. ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் முழு ஹோஸையும் கை பம்பு பந்தையும் மாற்றுங்கள். வெட்டி ஒட்டிய ஹோஸ் எரிபொருளை வெளியே கசியவிடாது. ஆனால் காற்றை உறிஞ்சும்.
4. பில்டரை மாற்றுங்கள்.
5. கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தையும் ஜெட்டையும் கார்புரேட்டர் கிளீனரால் சுத்தம் செய்து காற்றால் ஊதுங்கள். ஜெட் துளையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை அகன்றால் கலவைக் கணக்கே மாறிவிடும்.

ஆயில் கலவை: இன்ஜின் கையேட்டில் 50:1 என்றிருந்தால் 5 லிட்டருக்கு 100 மில்லி ஆயில், 25:1 என்றிருந்தால் 200 மில்லி. கையேடு இல்லையென்றால் அதே மாடல் ஓட்டுகிறவரிடமோ விற்பனையாளரிடமோ கேட்டு உறுதிசெய்யுங்கள், ஊகம் வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓடும் மாடலுக்கு மண்ணெண்ணெயிலும் ஆயில் கலக்க வேண்டும். பைக்குக்கு விற்கும் டூடி ஆயில் இதற்கு உதவாது. அது காற்றில் குளிரும் சூடான இன்ஜினுக்காகச் செய்தது. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டில் அது ரிங்கில் கரியாகப் படியும்.

பாதுகாப்பு: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். அதனால் டேங்கை எப்போதும் படகுக்கு வெளியே தரையில் வைத்தே நிரப்புங்கள்.

நான்காம் கட்டம்: இன்ஜினின் மேல்பகுதி

1. மேல்மூடியைத் திறந்து எலி கடித்த ஒயர், குளவி மண், துரு எல்லாவற்றையும் பாருங்கள்.
2. பிளக்கைக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஒருநாள் பொறுங்கள். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்து பிளக்கோடு வந்துவிடும்.
3. பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள்.
4. மறுநாள் ஸ்டார்ட்டர் கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக ஆறேழு தடவை இழுங்கள். ரிங் எண்ணெய் குடித்து இளகும். சுற்றவே மறுத்தால் நிறுத்துங்கள். அதற்குமேல் மெக்கானிக் பார்க்கட்டும்.
5. தீப்பொறிச் சோதனை: புதுப் பிளக்கை ஒயரில் மாட்டி, இன்ஜின் உடம்பில் பிளக்கின் உலோகம் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலப்பொறி தெரிய வேண்டும். திறந்த பிளக் துளைக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்க் பத்தடி தள்ளி இருக்கட்டும். பொறியே வரவில்லையென்றால் முதலில் கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டாமலே காயிலை மாற்றியவர்கள் உண்டு.
6. ஸ்டார்ட்டர் கயிறு பிசிறடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். கடலில் அறுந்தால் மாற்று வழி இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறியது. தோட்டத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வைத்திருந்த இன்ஜின்கள் தண்ணீருக்குள் போயின. உங்கள் இன்ஜின் அப்படி மூழ்கி, அப்படியே கிடந்ததென்றால் கயிற்றை இழுத்துப் பார்க்கவே வேண்டாம். கிராங்க் பேரிங்கில் துரு ஏறியிருக்கும். இழுத்தால் நல்ல பாகமும் கெடும். திறந்து பார்த்தே ஆக வேண்டும். இனி எப்போதாவது மூழ்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வடித்து, ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓடவிட்டால் இன்ஜின் பிழைக்கும்.

ஐந்தாம் கட்டம்: குளிர்விக்கும் தண்ணீர்

இந்த ஒரு பாகத்துக்காகவே இந்த அத்தியாயம் எழுதத் தகும்.

அவுட்போர்டின் கீழ்க்காலுக்குள் ரப்பர் இதழ்களுடன் ஓர் இம்பெல்லர் சுழன்று கடல்நீரை மேலே ஏற்றுகிறது. இன்ஜின் ஓடாமல் கிடக்கும்போது அந்த இதழ்கள் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். பனங்காட்டுக்குள் மூன்று வருஷம் கிடந்த ஒரு 28 அடிப் படகை நாங்கள் எழுப்பியபோது இதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆறு இதழில் நான்கு, மூடிய விரல்போல் ஒரே பக்கம் படுத்திருந்தன. நகத்தால் நிமிர்த்தியதும் ஒன்று பிஸ்கட்போல் ஒடிந்து உள்ளங்கையில் விழுந்தது. அந்த இன்ஜினை முந்தைய நாள் 'சும்மா ஒரு தடவை' ஓட்டிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தடுத்தார்: "அதத் தொறக்காம கயித்தத் தொடாதீங்க தம்பி. கரையில பத்து நாளு ஆனாலும் ஆகட்டும்." அவர் சொல்லாவிட்டால் சிலிண்டர் அன்றே கருகியிருக்கும்.

1. கியர் கம்பியைக் கழற்றி, கீழ்க்காலைத் தாங்கும் போல்ட்டுகளை எடுத்து, காலைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள்.
2. பம்பு மூடியைத் திறந்து பழைய இம்பெல்லரை எடுங்கள். அதன் இதழ்களை எண்ணுங்கள். ஒடிந்த துண்டு உள்ளே இருந்தால், அது மேலே போய்க் குழாயை அடைக்கும், தேடி எடுங்கள்.
3. ஷாஃப்ட்டில் சிறு சாவித்துண்டு ஒன்று இருக்கும். மணலில் விழுந்தால் கிடைக்காது. கீழே வெள்ளைத்துணி விரித்துக்கொள்ளுங்கள்.
4. புதிய இம்பெல்லரை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் திருகிக்கொண்டே உள்ளே இறக்குங்கள். எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள்.
5. தண்ணீர் உள்ளே போகும் சல்லடையையும், வெளியே பீய்ச்சும் பக்கத்துளையையும் சுத்தம் செய்யுங்கள். குளவி அந்தத் துளையில்தான் மண்கூடு கட்டும்.

பழைய இம்பெல்லர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஒரு வருஷத்துக்குமேல் கிடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதை மிச்சம் பிடித்து முழு இன்ஜினைப் பறிகொடுக்க வேண்டாம்.

ஆறாம் கட்டம்: கியர் ஆயிலும் புரொப்பல்லரும்

1. கீழ்த் திருகை முதலில் கழற்றுங்கள், பிறகு மேல் திருகை. ஆயில் வடியும்.
2. நிறம் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது; சீல் மாற்ற வேண்டும். உலோகத் துணுக்கு மின்னினால் பல்சக்கரம் தேய்கிறது.
3. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றுங்கள். மேல்துளையில் குமிழில்லாமல் வழியும்போது மேல் திருகை முதலில் போடுங்கள்; பிறகு ஆயில் குழாயை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகு. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பாதிதான் நிரம்பும்.
4. இரண்டு வாஷரும் புதிதாக இருக்கட்டும்.
5. புரொப்பல்லரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். அறுந்த தங்கூசி நூல் ஷாஃப்ட்டைச் சுற்றி இறுகியிருக்கும். அது உருகி, சீலை அறுக்கும். பால் ஆயிலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.
6. ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ் தடவுங்கள். காட்டர் பின் புதிதாகப் போடுங்கள். சாதா இரும்பு ஆணியை வளைத்து மாட்டாதீர்கள்.
7. கீழ்க்காலில் இருக்கும் துத்தநாகத் துண்டு பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புநீர் இன்ஜினைத் தின்னாமல் இருக்க அது தன்னைத் தின்னக் கொடுக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் வேலை செய்யாது.

ஏழாம் கட்டம்: டிரம்மில் ஓட்டம்

1. இன்ஜினை உறுதியான ஸ்டாண்டில் மாட்டி, கீழ்க்காலை டிரம்முக்குள் இறக்குங்கள். 9.9 குதிரைத்திறன் இன்ஜின் 35 முதல் 40 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்குங்கள். தலைப்பகுதியை எப்போதும் மேலே வையுங்கள்.
2. புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டவே கூடாது.
3. பம்பு இருக்கும் இடத்துக்குமேல் வரை நல்ல தண்ணீர் நிரப்புங்கள்.
4. டேங்கின் காற்றுத்திருகைத் திறந்து, கை பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். எங்காவது கசிகிறதா என்று முகர்ந்தும் பாருங்கள்.
5. கியர் நியூட்ரலில் இருக்க, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மண்ணெண்ணெய் இன்ஜினாக இருந்தாலும் இன்றைக்குப் பெட்ரோல் கலவை மட்டும்.
6. கண் பக்கத்துளையில் இருக்கட்டும். அரை நிமிஷத்துக்குள் தண்ணீர் பீய்ச்சாவிட்டால் நிறுத்துங்கள்.
7. மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிஷம் விடுங்கள். சிலிண்டர் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று ஆவியானால் சூடு அதிகம்; நிறுத்திவிட்டுக் குளிர்நீர்ப் பாதையைத் திரும்பப் பாருங்கள்.
8. கில் சுவிட்ச் கயிற்றை இழுத்து நிறுத்திப் பாருங்கள். நிற்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிஷம் வெள்ளைப்புகை நிறைய வரும். நீங்கள் விட்ட ஆயில் எரிகிறது. பயப்பட வேண்டாம். ஆனால் இந்தச் சோதனையை ஓலைக்கொட்டகைக்குள் செய்யாதீர்கள். அந்தப் புகை ஆளை மயக்கிக் கொல்லும்.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு

இன்ஜின் ஆயில், டீசல் பில்டர், ஏர் பில்டர் மூன்றையும் மாற்றுங்கள். டேங்கின் அடித்தண்ணீரை வடியுங்கள். டீசல் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிய பிறகு கையால் சில சுற்றுகள் சுழற்றி, ஆயில் ஏறியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். நீண்ட ஷாஃப்ட்டின் பேரிங்கிலும் உறையிலும் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். கைப்பிடி போட்டுச் சுற்றும் இன்ஜினில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள்; எதிரடி அடித்தால் விரல் தப்பும்.

எட்டாம் கட்டம்: காகிதமும் காப்பும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு வேண்டும். நெடுநாள் கிடந்த படகின் பதிவும் உரிமமும் உயிரோடு இருக்கின்றனவா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மானிய எரிபொருளும் காப்பீடும் அதையொட்டித்தான் வரும். படகின் பதிவெண் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும்படி எழுதுங்கள்.

படகில் ஏற்ற வேண்டியவை: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், துடுப்பு இரண்டு, நங்கூரமும் கயிறும், தண்ணீர் இறைக்கும் வாளி, டார்ச், விசில், குடிநீர், மாற்றுப் பிளக், பிளக் ஸ்பேனர், காட்டர் பின், மாற்று ஸ்டார்ட்டர் கயிறு, நெகிழிப் பையில் கட்டிய போன். ஜாக்கெட்டும் கிடந்தது என்றால் அதைப் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்து பாருங்கள். பஞ்சு செத்த ஜாக்கெட் உங்களைத் தூக்காது.

போனில் ஏற்ற வேண்டிய எண்கள் இரண்டு: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

ஒன்பதாம் கட்டம்: முதல் இறக்கம்

இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும். அலை மட்டும் திடீரென்று எழும். தெளிந்த வானத்தை நம்பி இறங்காதீர்கள்.

1. முதல் நாள்: படகை இறக்கி, கயிற்றால் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே ஈரம் ஏறுகிறதா பாருங்கள். இறக்கும் முன் வடிதுளை அடைப்பைப் போட்டீர்களா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இறக்கத்தில் அதிகம் மறப்பது அதைத்தான்.
2. இரண்டாம் நாள்: துணைக்கு இன்னொரு படகை வைத்துக்கொண்டு, கரையிலிருந்து 500 மீட்டருக்குள், கரைக்கு இணையாக அரைமணி நேரம் ஓட்டுங்கள். முதலில் நீவாடுக்கு எதிர்த்திசையில் போங்கள். இன்ஜின் நின்றாலும் நீரோட்டம் உங்களைப் புறப்பட்ட இடத்தின் பக்கம் கொண்டுவரும். முழு வேகம் வேண்டாம்.
3. கரைக்கு வந்ததும் போல்ட்டுகளை இறுக்குங்கள். பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் சரி. வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை. கரியும் ஈரமுமாக இருந்தால் அதிகம்.
4. மூன்றாம் நாள்: ஒரு மணி நேரம். மண்ணெண்ணெய் இன்ஜினை இப்போது பெட்ரோலில் சூடேற்றி மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன் மறுபடி பெட்ரோலுக்கு வாருங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் ஸ்டார்ட் ஆகாது.
5. இந்த மூன்றும் குறையில்லாமல் முடிந்த பிறகே வலை ஏற்றுங்கள்.

இன்ஜினைப் பின்பலகையோடு ஒரு கயிற்றால் தனியாகக் கட்டுங்கள். கில் சுவிட்ச் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் படகு தானாக நிற்க அது ஒன்றே வழி.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- தண்ணீர் இல்லாமல் 'பத்தே விநாடி' ஓட்டிப் பார்ப்பது. ரப்பர் இதழ் தேய அந்தப் பத்து விநாடி போதும்.
- பெயிண்டை முதலில் அடிப்பது. வெடிப்பு அதற்கடியில் மறைந்துவிடும். பெயிண்ட் கடைசி வேலை.
- இரும்பு போல்ட் போடுவது. உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் கழற்ற முடியாது. 316 ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள்.
- பைக் மெக்கானிக்கிடம் முழு இன்ஜினையும் விடுவது. பிளக்கும் கார்புரேட்டரும் அவருக்குத் தெரியும். பம்பும் கீழ்க்காலும் கடற்கரை மெக்கானிக் பார்க்க வேண்டியவை.
- முதல் ஓட்டத்துக்குச் சொந்தபந்தத்தையும் பிள்ளைகளையும் ஏற்றுவது. படகு தன்னை நிரூபித்த பிறகு ஏற்றுங்கள்.

இனிமேல் கிடப்பில் போட நேர்ந்தால்

இன்ஜினை நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிஷம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் வற்றித் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிளக் துளையில் ஆயில், புதுக் கியர் ஆயில், டேங்க் முழுக்கக் காலி. இன்ஜினை நிமிர்த்தியே வையுங்கள். படகை மணலில் படாமல் டயர்மேல் ஏற்றி, வடிதுளையைத் திறந்துவிட்டு, காற்று நுழையும்படி ஓலை மூடுங்கள். மாதம் ஒருமுறை ஊரிலிருக்கும் தம்பியோ மைத்துனரோ வந்து ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுக்கட்டும்.

இது தொழிலுக்கு மட்டும் உரிய கவனம் இல்லை. அந்த 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து படகுகள் ஊர்களுக்குள் வந்தன. மொட்டைமாடியில் தவித்தவர்களை இறக்கின. அன்று உதவியவை முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆன படகுகள். அந்த இரவில் இம்பெல்லர் மாற்ற யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

கடைசியாக ஒரு வேலை. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, உள்பக்கத்தைத் துடைத்து, அழியாத மார்க்கரால் நான்கு வரி எழுதுங்கள்: இம்பெல்லர் மாற்றிய தேதி, கியர் ஆயில் மாற்றிய தேதி, பிளக் எண், ஆயில் கலவைக் கணக்கு. அடுத்து இந்த மூடியைத் திறப்பது நீங்களாக இல்லாமல் உங்கள் மகளாகவோ மகனாகவோ இருக்கலாம். அவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்கட்டும்.